தலைவர் தலையாட்டும் காணொளி

மக்களின் குறைகளைக் கேட்பதற்கென்றே ஒரு வாரியம் இருந்தது. கேட்பதற்கென்றால் கேட்பதற்கு மட்டும்தான். தீர்ப்பதற்கு வேறு துறைகள் இருக்கின்றன, அவர்கள் வேலையில் மூக்கை நுழைப்பது நாகரிகமல்ல என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். மாதம் ஒருமுறை கூட்டம் நடக்கும். குறை உள்ளவர் பேசுவார். தலைவர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டுவார். கேமரா அதைப் பிடிக்கும். பிடித்ததை வாரியத்தின் இணையதளத்தில் ஏற்றிவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் தன் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். ஒளிவுமறைவற்ற நிர்வாகம் என்று வாரியத்தின் வாசலில் பளிங்கில் செதுக்கி வைத்திருந்தார்கள். அதற்கு மேலே தலைவரின் படம் பெரிதாக இருந்ததால், எழுத்தைப் படிக்கக் கொஞ்சம் குனிய வேண்டும்.

அந்த ‘யார் வேண்டுமானாலும்’ கணக்கில் வருகிற ஒருவரைப் பற்றியது இந்தக் கதை. அவர் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி தெருமுனையில் தையல் கடை வைத்திருந்தார். பேன்ட்டைச் சுருக்குவது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடித்துக் கொடுப்பது என்று தெருவுக்கே அளவெடுத்து வைத்திருந்த அந்த அம்மாள் போன வருடம் இறந்துபோனார். வீட்டில் அவருடைய புகைப்படங்கள் நாலைந்து இருந்தன. அசைகிற மாதிரி, பேசுகிற மாதிரி ஒன்றுகூட இல்லை. காரணம் எளிது. கல்யாணம், சுற்றுலா, பேரனின் முதல் நடை என்று எதுவானாலும் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். எல்லாரையும் காணொளி எடுத்தவர் எந்தக் காணொளியிலும் இல்லை.

மாடியில் குடியிருந்த மைத்துனிதான் ஒருநாள் நினைவுபடுத்தினாள். அக்காவுக்கும் தங்கைக்கும் குரல் ஒன்றுபோலவே இருக்கும். போனில் பேசினால் பெற்ற தாயே மாற்றிப் பேசுவாளாம். அதனால் மைத்துனி மேலேயிருந்து கூப்பிடும்போதெல்லாம் ஓட்டுநருக்கு நெஞ்சு ஒருமுறை திடுக்கென்று அடங்கும்.

“அத்தான், அக்கா அந்த வாரியத்துல போய்ப் பேசினாளே, சாக்கடை மூடிக்காக. நானும் கூடப் போயிருந்தேன். கேமரா வெச்சு எடுத்தாங்களே. அது இருக்குமில்ல?”

இருக்கத்தான் வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முந்தைய கதை அது. தெருமுனைச் சாக்கடைக்கு மூடி இல்லை. கடைக்கு வருகிறவர்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தார்கள். ஓட்டுநருக்கு அன்று பணி இருந்தது, போக முடியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி முகமெல்லாம் சிவக்க உட்கார்ந்திருந்தார். “நல்லா கிழிகிழின்னு கிழிச்சுட்டேன். அந்த ஆளு வாயே திறக்கலை. கடைசி வரைக்கும் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தான்” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பு ஓட்டுநருக்கு இன்னும் காதில் இருந்தது. சாக்கடைக்கு மட்டும் மூடி இன்றுவரை வரவில்லை. தெருக்காரர்கள் பழகிவிட்டார்கள், தூக்கத்தில்கூடத் தாண்டிவிடுவார்கள். வெளியாட்கள்தான் கால் விடுவார்கள்.

மகள் வேலைக்காக வெளியூர் போனபோது விட்டுவிட்டுப் போன பழைய கணினி தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இயந்திரத்தின் மேல் மனைவியின் கைக்கடிகாரம் கிடந்தது. துணியைப் பிடித்தபடியே மணி பார்க்க வசதி என்று அதை வலது கையில், முகப்பு உள்பக்கமாகத் திரும்பியிருக்கும்படி கட்டிக்கொள்வார். எப்போதோ பட்டை அறுந்தபோது வேறு வாங்க மனமில்லாமல் சிவப்பு நூலால் அவரே தைத்துக்கொண்டார். ஓட்டுநர் அதை ஒரு ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுக் கணினியைப் போட்டார். வாரியத்தின் தளத்தில் தேடியதும் கிடைத்தது. கூட்டத்தின் தேதி, மனைவியின் பெயர், ‘தெருச் சாக்கடை தொடர்பாக’ என்ற தலைப்பு எல்லாம் சரியாக இருந்தன. ஆவலோடு அழுத்தினார். சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வந்தது. அதன் நடுவில் உடைந்த துண்டு மாதிரி ஒரு சின்னம், கீழே ஒரு வரி: ‘இக்காணொளியைக் காண வாரியத்தின் அங்கீகரிக்கப்பட்ட செருகுநிரல் தேவை.’

மேலே ஓடும் பட்டையில் இன்னொரு அறிவிப்பும் போய்க்கொண்டிருந்தது. பழைய காணொளிகள் அனைத்தும் இந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகின்றனவாம். ஓய்வு என்றால் என்னவென்று ஓட்டுநருக்குத் தெரியும். மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

செருகுநிரல் என்றால் பிரவுசரோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒரு சின்ன மென்பொருள். அதை இறக்கினார். நிறுவினார். சாம்பல் பெட்டி அசையவில்லை. நிறுவும் முறையை விளக்க ஒரு காணொளி இருந்தது. அதைப் பார்க்கவும் செருகுநிரல் வேண்டும். ஓட்டுநர் உதவி மையத்துக்குப் போன் போட்டார்.

“வணக்கம். குறை கேட்பு வாரியத்தின் காட்சி உதவி மையம். தங்கள் குறை எங்கள் செவிக்கு இனிமை. சொல்லுங்க சார்.”

“காணொளி ஓட மாட்டேங்குதும்மா. செருகுநிரல் வேணும்னு சொல்லுது. போட்டுட்டேன். அப்பவும் ஓடலை.”

“சோதனைக் காணொளி ஓடுதா சார்?”

“அது என்னது?”

“முகப்புப் பக்கத்துல வலது பக்கம் பாருங்க. ‘தலைவர் கேட்கிறார்’னு இருக்கும். அதை அழுத்துங்க.”

அழுத்தினார். பளிச்சென்று ஓடியது. நாற்காலியில் தலைவர் உட்கார்ந்திருந்தார். பின்னணியில் புல்லாங்குழல். தலைவர் யாரையோ பார்த்துத் தலையை ஆட்டினார். மேலும் கீழுமாக ஆட்டினார். கொஞ்சம் சாய்த்து ஆட்டினார். புருவத்தைச் சுருக்கி ஆட்டினார். கண்ணை மூடி ஆட்டினார். அதில் வேறு எதுவும் நடக்கவில்லை.

“ஓடுதும்மா.”

“அப்ப உங்க கணினி நல்லா இருக்கு சார். உங்களுக்குப் பிரச்சினை இல்லை.”

“இருக்கே. என் வீட்டுக்காரி பேசினது ஓடலையே.”

“தலைவர் ஓடறாரில்ல சார்? தலைவர் ஓடினா எல்லாம் ஓடணும். சரி, பிரவுசரை மூடித் திறங்க. திறந்துட்டுச் சோதனைக் காணொளியை முழுசாப் பாருங்க. நடுவுல தாண்டினா செல்லாது.”

மூடித் திறந்தார். தலைவரைப் பார்த்தார். பிரவுசர் சேர்த்து வைத்திருந்த குப்பையைக் காலி செய்யச் சொன்னார்கள். செய்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார். கணினியை அணைத்துப் போட்டார், தலைவரைப் பார்த்தார். செருகுநிரலை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினார், மறுபடி தலைவர். புதிய பிரவுசரில் இந்தச் செருகுநிரல் நிற்காது, பழையதுக்குப் போங்கள் என்றார்கள். போனார். அங்கும் தலைவர் முன்கூட்டியே வந்து உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் காணொளியின் அடியில், நிறுத்தவும் ஓட்டவும் உள்ள கறுப்புப் பட்டைமேல் வாரியத்தின் முத்திரை மினுமினுத்தது. சாம்பல் பெட்டி மட்டும் தன் இடத்தை விட்டு நகரவில்லை. சில நாளில் அந்தப் புல்லாங்குழல் ஓட்டுநருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. காய் நறுக்கும்போது தன்னையறியாமல் அதை முணுமுணுத்தார். பிறகு தன் மேலேயே எரிச்சல்பட்டுக் கத்தியைக் கீழே வைத்தார்.

மைத்துனியைத் துணைக்குக் கூப்பிட்டார். “நீயும் வந்து உட்காரும்மா. உனக்கு ஏதாவது புரியுதான்னு பாரு.”

“அந்த மூஞ்சியை நான் ஒரு தடவை நேர்ல பாத்ததே இந்த ஜென்மத்துக்குப் போதும் அத்தான். அக்கா வந்தா கூப்பிடுங்க, ஓடி வர்றேன்” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஓட்டுநர் வாரியத்தின் தலைமை அலுவலகத்துக்கே போனார். தொழில்நுட்பப் பிரிவுக் கண்காணிப்பாளரின் மேசையில் மூன்று திரைகள் இருந்தன. மூன்றிலும் தலைவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். கண்காணிப்பாளர் அன்பானவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

“பாருங்க, மூணுலயும் ஓடுது. இந்தக் கட்டடத்துல ஓடாத கணினியே கிடையாது” என்றார்.

“எனக்கும் அது ஓடுது சார். மத்தது ஓடலை.”

“ஓடாது. சோதனைக் காணொளிக்குச் செருகுநிரல் தேவையில்லை. தலைவர் எல்லாருக்கும் தெரியணும் இல்லையா? அதனால அதைச் சாதாரணக் காணொளியாவே போட்டுட்டோம்.”

“அப்ப செருகுநிரல் வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு, செருகுநிரலே வேண்டாத ஒண்ணை ஏன் சார் பாக்கச் சொல்றீங்க?”

கண்காணிப்பாளர் இந்தக் கேள்வியை ரசித்தார். பேனாவை மூடி வைத்தார்.

“செருகுநிரலோட சோதிச்சா ஓடாம போயிடுமே சார். ஓடாத ஒண்ணை வெச்சுச் சோதனை பண்ணினா எங்க பிரிவோட பேரு என்ன ஆகிறது? போன வருஷம் நூத்துக்கு நூறு வாங்கியிருக்கோம். அதுவும் இல்லாம, நீங்க பாதுகாப்புன்னு ஒண்ணை யோசிக்கணும். மக்களோட குறை ரொம்ப மதிப்பு வாய்ந்த பொருள். கண்டவங்களும் பாத்தா என்ன ஆகும்? அதனாலதான் நாங்களே ஒரு செருகுநிரலைச் செஞ்சோம். வெளியில இருக்கிற எந்தத் திருடனாலயும் எங்க காணொளியைப் பாக்க முடியாது. உள்ள இருக்கிற எங்களாலயும் முடியாது. யாராலயும் பாக்க முடியாத காணொளிதான் சார் முழுப் பாதுகாப்புல இருக்கிற காணொளி.”

“அப்ப எதுக்கு சார் இணையத்துல ஏத்தறீங்க?”

“ஒளிவுமறைவு இருக்கக் கூடாதே!”

ஓட்டுநர் பேருந்து ஓட்டிய காலத்தில் எத்தனையோ பேரின் வாயில் அகப்பட்டவர். ஆனால் இப்படி நிதானமாக, சிரித்த முகத்தோடு, தண்ணீர் கொடுத்துக் காதில் பூச்சுற்றிய ஆளை அவர் பார்த்ததில்லை. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். மாதக் கடைசி நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தே இருந்தார்.

கண்காணிப்பாளருக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒரு விஷயம் சொல்றேன், வெளியில சொல்லாதீங்க. அந்தச் செருகுநிரலுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. அது காலாவதி ஆகி ஒன்பது வருஷம் ஆயிடுச்சு. அதான் உங்க கணினி அதை நம்ப மாட்டேங்குது.”

“புதுப்பிக்கலாமே?”

“குழு கூடணும். குழுவோட உறுப்பினர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுட்டாங்க. புதுக் குழுவை அமைக்கணும்னா யாராவது குறை சொல்லியிருக்கணும். ஒன்பது வருஷமா ஒரு குறைகூட வரலை.”

“ஒன்பது வருஷமா யாருமே பாக்கலையா?”

“பாக்க முடியலைன்னு யாரும் சொல்லலையே. மக்கள் திருப்தியா இருக்காங்கன்னுதான் நாங்க எடுத்துக்கிட்டோம். நீங்க ஒண்ணு பண்ணுங்க. உங்க கணினியோட தேதியைப் பின்னால தள்ளி வெச்சுடுங்க. சான்றிதழ் உயிரோட இருந்த தேதிக்கு. செருகுநிரல் எழுந்து உட்கார்ந்துக்கும்.”

வீட்டுக்கு வந்ததும் ஓட்டுநர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணினியின் முன்னால் உட்கார்ந்தார். தேதியைத் தள்ளினார். மாதங்கள் பின்னோக்கி உருண்டன. மனைவி இறந்த மாதம் வந்தபோது விரல் கொஞ்சம் தயங்கியது. அதையும் தாண்டித் தள்ளினார். ஆஸ்பத்திரிக்கு அலைந்த மாதங்கள் போயின. கடை மூடிய மாதம் போனது. ஒன்பது வருடத்துக்கு அப்பால் போய் நிறுத்தியபோது, அந்த அறையில் கணினிக்கு மட்டும் அவர் மனைவி உயிரோடு இருந்தார். அந்தத் தேதியை அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட ஒரு அற்ப ஆசை வந்தது.

செருகுநிரல் எழுந்து உட்கார்ந்தது. மூலையில் பச்சை விளக்கு எரிந்தது. சாம்பல் பெட்டி விலகியது. ஓட்டுநர் அழுத்தினார். திரையில் ஒரு வரி வந்தது: ‘தாங்கள் கோரிய கூட்டம் இன்னும் நடைபெறவில்லை.’

போனை எடுத்தார்.

“தங்கள் குறை எங்கள் செவிக்கு...”

“அதை விடும்மா. கூட்டம் இன்னும் நடக்கலைங்குது.”

தட்டும் சத்தம் கேட்டது. “ஆமா சார். உங்க கணினியோட தேதிப்படி அந்தக் கூட்டம் அடுத்த வாரம்தான். நடக்காத கூட்டத்தோட காணொளியை எப்படி சார் தர முடியும்?”

“நடந்துச்சும்மா! என் வீட்டுக்காரி பேசிட்டு வந்தா. வீட்டுக்கு வந்து சொன்னா.”

“இன்னும் பேசலை சார். அடுத்த வாரம் பேசுவாங்க.”

அந்தப் பெண் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்கு அது ஒரு தேதி.

“அப்ப தேதியை ஒரு வாரம் முன்னால தள்ளட்டுமா?” என்றார் ஓட்டுநர்.

“தள்ளினா சான்றிதழ் காலாவதி ஆயிடும் சார். செருகுநிரல் படுத்துடும்.”

“செருகுநிரல் ஓடணும்னா கூட்டம் நடந்திருக்கக் கூடாது. கூட்டம் நடந்திருந்தா செருகுநிரல் ஓடாது. அப்படித்தானே? நான் எந்தத் தேதியைத்தான் வெக்கறது?”

“அது பயனாளர் பக்கத்துப் பிரச்சினை சார். சோதனைக் காணொளி ஓடுதா?”

அவர் போனை வைத்த வேகத்தில் தையல் இயந்திரமே அதிர்ந்தது. அன்றே முடிவு செய்தார். மனைவி செய்ததைத்தான் தானும் செய்ய வேண்டும். மாதக் கூட்டத்துக்குப் போய்த் தலைவரின் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும்.

போனார். மண்டபம் குளுகுளுவென்று இருந்தது. குறைகாரர்கள் ஒரு பக்கமாக உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார்கள். ஓட்டுநரின் முறை வந்ததும் எழுந்து மேசையருகில் போய் நின்றார். கேமராக்காரர் கையைக் காட்டி அவரை ஒதுக்கினார்.

“சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நீங்க படத்துக்குள்ள வர்றீங்க.”

“நான்தானே பேசப் போறேன்?”

“பேசுங்க. ஆனா படத்துக்குள்ள வரக் கூடாது. தலைவர் கேக்கறாரா இல்லையான்னு காட்டறதுக்குத்தான் இந்தக் காணொளியே. பேசறவங்க பேசறாங்கன்னு அவங்களுக்கே தெரியுமே, அதை எதுக்கு எடுக்கணும்?”

ஓட்டுநர் கேமராவைத் திரும்பிப் பார்த்தார். “எப்பவுமே இப்படித்தானா? ஒன்பது வருஷத்துக்கு முன்னாலயும்?”

“வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து கேமராவை நகர்த்தினதே இல்லை சார்” என்றார் கேமராக்காரர், பெருமையாக.

ஆக, அந்தச் சாம்பல் பெட்டிக்குள் மனைவியின் முகம் இல்லை. இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் அந்த ஆள் தலையாட்டுவதைப் பார்ப்பதற்குத்தான். ஆனாலும் குரல் இருக்குமே என்று நினைத்துக்கொண்டார். முகம் போனால் போகிறது, கிழிகிழியென்று கிழித்த குரலாவது இருக்கும். அது போதும். நிமிர்ந்து நின்று, நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

தலைவர் தலையை ஆட்டினார். மேலும் கீழுமாக, பிறகு சாய்த்து, பிறகு புருவத்தைச் சுருக்கி. ஓட்டுநருக்கு அடுத்து எந்த ஆட்டம் வரும் என்று தெரிந்திருந்தது. பேசி முடித்ததும் தலைவர் தொண்டையைச் செருமினார்.

“அருமையாகப் பேசினீர்கள். இவர் மாதிரி மக்கள் இருப்பதால்தான் இந்த வாரியம் இருக்கிறது. நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாள் முதல் ஒரு குறையைக்கூடக் கேட்காமல் அனுப்பியதில்லை. ஒரு குறையைக்கூடத் தீர்த்ததும் இல்லை. இதை நான் வெளிப்படையாகவே சொல்லுவேன். தீர்த்துவிட்டால் அவர் மறுபடி வருவாரா? மக்களுக்கும் வாரியத்துக்கும் உள்ள உறவு என்ன ஆவது? என் பாட்டனாரும் இப்படித்தான், எல்லாரும் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பார். அவருக்குக் காதே கேட்காது.”

மண்டபம் கைதட்டியது. குறைகாரர்களும் தட்டினார்கள், தங்கள் முறை வர வேண்டுமே.

“இருந்தாலும் இவருடைய கோரிக்கையை நான் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்கிறேன்” என்றார் தலைவர். “நேரடித் தீர்வு அலுவலர் இவர் வீட்டுக்கே போவார். இவர் இன்று பேசிய பேச்சையும் இவர் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். செருகுநிரல் மட்டும் தேவை.”

நேரடித் தீர்வு அலுவலர் மாதக் கடைசி நாளன்று வந்தார். கதவைத் திறந்த ஓட்டுநர் முதலில் பார்த்தது அவருடைய வலது காலை. முழங்கால் வரைக்கும் கறுப்பாக நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. நாற்றம் அவருக்கு முன்னால் உள்ளே வந்தது.

“தெருமுனையில...” என்று ஆரம்பித்து அலுவலர் நிறுத்திக்கொண்டார். வேறு துறையைப் பற்றிப் பேசுவது நாகரிகமல்ல. “கணினி எங்கே சார் இருக்கு?”

ஈரக்கால் தடம் தரையில் பதிய நடந்து வந்து கணினியின் முன் உட்கார்ந்தார். எதையும் கேட்காமல் சோதனைக் காணொளியை ஓட விட்டார். ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டார்.

“இதை நான் பாக்காத நாளே இல்லை சார். இன்னைக்கோட எல்லாத்தையும் எடுத்துடப் போறீங்க. இன்னைக்குமா இவரையே பாக்கணும்?”

“இதை எடுக்க மாட்டோம் சார். சோதனைக் காணொளிக்கு ஓய்வு கிடையாது. நீங்க பாத்தது சின்னத் திரையில. முழுத்திரைச் சோதனை நாங்க நேர்ல வந்தாத்தான் பண்ணுவோம்” என்று சொல்லி மூலையில் ஒரு பொத்தானை அழுத்தினார்.

தலைவர் திரை முழுவதும் பரந்தார். அடியில் இருந்த கறுப்புப் பட்டையும் முத்திரையும் இரண்டு நொடி இருந்துவிட்டு மறைந்தன. அந்தப் பட்டை மறைத்திருந்த இடத்தில் ஒரு மேசையின் விளிம்பு தெரிந்தது. தலைவர் புருவத்தைச் சுருக்கினார். புல்லாங்குழல் குழைந்தது. மேசையின் மேல் ஒரு கை வந்து விழுந்தது.

வலது கை. மணிக்கட்டின் உள்பக்கம் கடிகாரம். பட்டையில் சிவப்பு நூல்.

கை எழுந்தது, மறுபடி மேசையில் அறைந்தது. தலைவரின் தண்ணீர்க் குவளை துள்ளியது. தலைவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

ஓட்டுநர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். எத்தனை முறை! பிரவுசரை மூடித் திறந்தபோதும், குப்பையைக் காலி செய்தபோதும், ஒவ்வொரு முறையும் அவர் முன்னால் இருந்தது இதுதான். வாரியம் மனைவியை அவர் கண்ணெதிரேயே வைத்து, மேலே ஒரு பட்டையைப் போட்டு மூடியிருந்தது.

“இது... இது எந்தக் கூட்டத்துல எடுத்தது?”

“ஒன்பது வருஷத்துக்கு முன்னால சார்” என்றார் அலுவலர், நல்ல மனதோடு. “எல்லாக் கூட்டத்தையும் அலசிப் பாத்தாங்க. மத்ததுல எல்லாம் தலைவர் ஒரு ஆட்டு ஆட்டிட்டுத் தூங்கிடுவாரு. இதுல மட்டும்தான் விடாம ஆட்டறாரு. எதிர்ல இருந்த அம்மா தூங்கவே விடலையாம். ஆனா அவங்க பேச்சு ரொம்ப இடைஞ்சலா இருந்துச்சு, தலைவரோட அமைதி அடிபட்டுப் போச்சு. அதான் பேச்சை எடுத்துட்டுப் புல்லாங்குழல் போட்டோம். அதைத் தேர்ந்தெடுக்கவே ஒரு குழு உக்காந்துச்சு சார்.”

“பேச்சு? அந்தப் பேச்சு எங்கே?”

“அது செருகுநிரல்ல இருக்கும் சார்.”

இந்த நேரத்தில்தான் மைத்துனி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். படியிலேயே சத்தம் ஆரம்பித்துவிட்டது. “என்ன நாத்தம் இது? யாரு வீட்டுக்குள்ள சாக்கடையைக் கொண்டாந்தது?” வாசலில் நின்று தடத்தைப் பார்த்தாள், அலுவலரின் காலைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள். மேசையில் கை விழுந்தது.

“அக்கா” என்றாள்.

ஓட்டுநரின் கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. கையை நீட்டி ஒலியை அணைத்தார். புல்லாங்குழல் செத்தது. காணொளியை முதலிலிருந்து ஓட விட்டார். தலைவர் சத்தமில்லாமல் தலையாட்டத் தொடங்கினார்.

மைத்துனி திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அன்றைக்கு அவள் அக்காவின் முழங்கையை ஒட்டி உட்கார்ந்திருந்தவள். ஒரு வார்த்தையையும் மறக்கவில்லை.

“அய்யா, தலையை ஆட்டாதீங்க, பதில் சொல்லுங்க” என்றாள். தலைவர் தலையை ஆட்டினார். “என் கடை வாசல்ல போன மாசம் மட்டும் எத்தனை பேரு விழுந்தாங்க தெரியுமா? மாசமா இருக்கிற பொண்ணு விழுந்தா. கண்ணு தெரியாதவரு விழுந்தாரு.” தலைவர் சாய்த்து ஆட்டினார். “நான் ஒண்ணும் பாலம் கேக்கலை, கட்டடம் கேக்கலை. ஒரு மூடி கேக்கறேன்.” கை மேசையில் அறைந்தது. “மூடி!” குவளை துள்ளியது. “நீங்க ஒருநாள் அந்தப் பக்கம் நடந்து வாங்க, கார்ல வேண்டாம், நடந்து வாங்க. கால் உள்ள போனாத்தான் இந்தத் தலை ஆடறது நிக்கும்!” தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

குரல் அவளுடையதுதான். மனைவியுடையதும்தான். ஓட்டுநர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கும் வார்த்தைக்கும் ஒரு இம்மி பிசகவில்லை. அறையில் அவர் மனைவி பேசிக்கொண்டிருந்தார், எந்தச் செருகுநிரலும் இல்லாமல்.

“மூடி போடுவீங்களா, மாட்டீங்களா? அதைச் சொல்லுங்க மொதல்ல!”

காணொளி முடிந்தது. தலைவர் பாதித் தலையாட்டலில் உறைந்து நின்றார். ஓட்டுநர் மறுபடி முதலிலிருந்து போட விரலை நீட்டினார்.

அலுவலர் எழுந்து நின்றார். நடந்தது என்னவென்று அவருக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் காணொளி ஓடியிருக்கிறது, வீட்டுக்காரர் அழுகிறார், அழுகை பெரும்பாலும் திருப்தியின் அடையாளம்.

“அப்ப உங்க பிரச்சினை தீர்ந்துடுச்சுன்னு போட்டுக்கட்டுமா சார்?” என்றார்.

ஓட்டுநர் காணொளியை மறுபடி ஓட விட்டார். மைத்துனிதான் திரும்பினாள். அலுவலரின் காலிலிருந்து கறுப்புத் தண்ணீர் இன்னும் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“உங்க பிரச்சினை தீர்ந்துடுச்சா?” என்று கேட்டாள்.

அலுவலர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பழக்கதோஷத்தில், தலையை ஆட்டினார்.